டிசி மோட்டாரை வீட்டு கரண்ட்டில் ஓட்டப் போகிறீர்களா? சறுக்கும் இடங்கள் இவை

பேட்டரி செத்துப்போன கார்ட்லெஸ் டிரில்லைக் கையில் வைத்துக்கொண்டு "அடாப்டர் போட்டு ஓட்டலாமா?" என்று கேட்காத ஆளில்லை. தாராளமாக ஓட்டலாம். ஆனால் நாங்கள் ஆரம்பத்தில் சறுக்கிய அதே இடங்களில்தான் புதிதாக வருகிறவர்களும் வரிசையாகச் சறுக்குகிறார்கள். பிளஸ் மைனஸ் மாறினால் எதிர்ப்பக்கம் சுற்றும், 12 வோல்ட் மோட்டாரை நேராக 230 வோல்ட்டில் செருகக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதைத் தாண்டி வருவோம்.

ஓடும்போது இழுக்கும் ஆம்பியரைப் பார்த்து அடாப்டர் வாங்குவது

காசைக் கரைக்கும் தவறு இதுதான். ஒரு தம்பி தன் 12 வோல்ட் டிரில்லை வண்டி பேட்டரியில் வைத்து அளந்தார். சும்மா சுற்றும்போது 1 ஆம்பியர். "இரண்டு மடங்காகவே வாங்குவோம்" என்று 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டரை மாட்டினார். டிரிகரை அழுத்தினால் சக் (பிட்டைக் கவ்விப் பிடிக்கும் வாய்) ஒரு விரற்கடை திரும்பும், நிற்கும், கொஞ்சம் பொறுத்து மறுபடி துடிக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் அடாப்டரின் பச்சை எல்இடி அணைந்து எரியும். அடாப்டர் போலி என்று முடிவுகட்டி 3 ஆம்பியர் வாங்கினார், பிறகு 5 ஆம்பியர். அதே துடிப்புதான். கடைசியில் யாரோ "வோல்டேஜ் பத்தலை" என்று கிளப்பிவிட, 24 வோல்ட், 15 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (ஏசியை டிசியாக்கும் எலெக்ட்ரானிக் பவர் சப்ளை; இன்றைய அடாப்டர்களுக்குள்ளும் இருப்பது இதுதான்) ஒன்றைக் கொடுத்தார். அது எப்படியோ திணறித் திணறி மோட்டாரைக் கிளப்பிவிட்டது. துளை போடத் தொடங்கியதும் பிரஷ் (சுழலும் சுருளுக்குக் கரண்ட் கொடுக்கும் கரித்துண்டு) கருகும் வாடை. அடாப்டருக்குப் போட்ட காசும் போச்சு, மோட்டாரும் போச்சு.

நின்றுகொண்டிருக்கும் மோட்டார் வெறும் செம்புக் கம்பிச் சுருள்தான். அதன் ரெசிஸ்டன்ஸ் 0.5 ஓம் என்றால், 12 வோல்ட் கொடுத்த கணத்தில் இழுக்கப் பார்ப்பது 24 ஆம்பியர். சுற்றத் தொடங்கியதும் அதுவே ஒரு டைனமோ ஆகி, உள்ளே வரும் வோல்டேஜை எதிர்த்துத் தானும் வோல்டேஜ் உண்டாக்குகிறது. முழு வேகத்தில் 11.5 வோல்ட் எதிர்த்து நின்றால் சுருளுக்கு மிஞ்சுவது அரை வோல்ட். மீட்டரில் அவர் பார்த்த 1 ஆம்பியர் இப்படி வந்ததுதான். லோடு ஏறி வேகம் குறைந்தால் அந்த எதிர்ப்பும் குறையும், ஆம்பியர் ஏறும்.

பேட்டரி கேள்வி கேட்காமல் அந்த 24 ஆம்பியரைக் கொட்டும். பழைய இரும்பு டிரான்ஸ்ஃபார்மர்கூட வோல்டேஜைத் தொங்கவிட்டு எப்படியாவது சமாளிக்கும். எஸ்எம்பிஎஸ் அடாப்டர் அப்படியல்ல. ஓவர்லோடு என்று கண்டதும் பல மாடல்கள் தம்மையே அணைத்துக்கொண்டு, சற்றுப் பொறுத்து மறுபடி முயன்று பார்க்கும். சக் துடித்தது அதனால்தான். அடாப்டரில் ஒரு கோளாறும் இல்லை.

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது, அளந்து பார்க்கக்கூடிய ஒன்றை ஆளாளுக்கு ஊகித்துச் சொல்வதுதான். மல்ட்டிமீட்டரை ஓம் வரம்பில் வைத்து, முதலில் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். மோட்டாரின் இரு முனைகளிலும் வைத்து, தண்டைக் கையால் மெதுவாகத் திருப்பி, கிடைக்கும் மிகக் குறைந்த அளவிலிருந்து அதைக் கழியுங்கள். வோல்டேஜை அந்த ஓமால் வகுத்தால் ஸ்டார்ட்டிங் ஆம்பியர். கரண்ட் லிமிட் உள்ள பெஞ்ச் சப்ளை இருந்தால் இன்னும் சுத்தம்: தண்டைத் திரும்பாமல் பிடித்துக்கொண்டு 1 ஆம்பியர் விடுங்கள், முனைகளில் எத்தனை வோல்ட்டோ அத்தனை ஓம்.

24 ஆம்பியர் வந்துவிட்டது என்பதற்காக அத்தனை பெரிய சப்ளை வாங்க வேண்டியதில்லை. ஓவர்லோடில் அணைந்துவிடாமல் கரண்ட்டை ஓர் அளவில் பிடித்து நிறுத்தும் வகை கிடைத்தால், இந்த மோட்டாருக்கு 10 முதல் 15 ஆம்பியர் போதும். கிளம்பச் சற்று நேரம் எடுக்கும், அவ்வளவுதான். வாங்கும் முன் டேட்டாஷீட்டில் ஓவர்லோடு பாதுகாப்பு எந்த வகை என்று பாருங்கள். பெட்டி எஸ்எம்பிஎஸ்ஸின் முனைகளில் 230 வோல்ட் திறந்தே கிடக்கும். மூடி போடாமல், எர்த் கொடுக்காமல் பிளக்கைச் செருகாதீர்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத சர்க்யூட்

கபாசிட்டர் ஒன்றைத் தொடராகப் போட்டு வோல்டேஜைக் குறைக்கும் வித்தை. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் 1 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் விடுவது சுமார் 70 மில்லிஆம்பியர். மோட்டாருக்கு அது கொசுக்கடி. சரி, பெரிய கபாசிட்டர் போடலாமே என்றால், மெயின்ஸோடு நேரடித் தொடர்பு அப்படியே இருக்கிறது. மீட்டர் 12 வோல்ட் காட்டிக்கொண்டிருக்கும்போதே மோட்டாரின் உடம்பைத் தொட்டவருக்கு ஷாக் அடிக்கலாம். உயிர் போகிற விஷயம், தொடவே தொடாதீர்கள்.

12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், 12 வோல்ட் டிசி தரும் என்று நம்புவது

ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜும் அதைச் சீராக்கும் ஃபில்டர் கபாசிட்டரும் போட்டால், லோடு இல்லாதபோது 15.5 வோல்ட்டைத் தாண்டும். கபாசிட்டரை எடுத்துவிட்டால் சராசரி 9.5 வோல்ட்டை ஒட்டி இருக்கும். பிரஷ் மோட்டாருக்கு ரிப்பிள் (வோல்டேஜ் ஏறி இறங்குவது) ஒரு பொருட்டே இல்லை. பல வேலைகளுக்குக் கபாசிட்டர் இல்லாமலே ஓட்டலாம். 12-0-12 டிரான்ஸ்ஃபார்மரின் இரு ஓர முனைகளை எடுத்தால் 24 வோல்ட் ஏசி வரும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

எல்இடி டிரைவரை அடாப்டராகப் போடுவது

பெரும்பாலும் அது வோல்டேஜை அல்ல, கரண்ட்டை ஒரே அளவில் வைத்திருக்கும் சாதனம்; அடாப்டரே அல்ல. ஓரமாக எடுத்து வையுங்கள்.

ஃபேன் ரெகுலேட்டரால் வேகத்தைக் குறைப்பது

எஸ்எம்பிஎஸ்ஸுக்கு முன்னால் ரெகுலேட்டரைத் திருகினால் வேகம் குறையாது; ஏதோ ஒரு கட்டத்தில் எஸ்எம்பிஎஸ் அணையும், அல்லது கெடும். டிசி பக்கத்தில் பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் (கரண்ட்டைப் படுவேகமாக விட்டு விட்டுக் கொடுத்து வேகத்தைக் குறைப்பது) போடுங்கள். மோட்டாருக்குக் குறுக்கே ஷாட்கி டையோடு வையுங்கள். எல்லோர் டப்பாவிலும் கிடக்கும் 1என்4007 என்ற சாதாரண டையோடு, கன்ட்ரோலர் விட்டு விட்டுக் கொடுக்கும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது.

மெல்லிய வயர்

0.5 சதுர மில்லிமீட்டர் வயர் மீட்டருக்கு சுமார் 0.035 ஓம். இரண்டு மீட்டர் தூரம் போய் வந்தால், 10 ஆம்பியருக்கு 1.4 வோல்ட் வயரிலேயே காலி.

ஃபியூஸை ஏசி பக்கம் மட்டும் போடுவது

டிரில் பிட் சிக்கி மோட்டார் நின்றுவிட்டது என்று வையுங்கள். 15 ஆம்பியரில் கரண்ட்டைப் பிடித்து நிறுத்தும் சப்ளைக்கு அது கோளாறாகவே தெரியாது. ஏசி பக்கத்து ஃபியூஸும் அசையாது. 0.5 ஓம் சுருளில் 15 ஆம்பியர் ஓடினால் 112 வாட் சூடு, உள்ளே காற்றடிக்கும் குட்டி விசிறியும் நின்றிருக்கும். வேலை செய்யும்போது 5 ஆம்பியர் இழுக்கும் மோட்டார் என்றால் டிசி பக்கத்தில் 7 அல்லது 8 ஆம்பியர் ஸ்லோ-ப்ளோ ஃபியூஸ் போடுங்கள். கிளம்பும் நேரத்து இழுப்பை அது தாங்கும், 15 ஆம்பியரில் சிக்கி நின்றால் சற்று நேரத்தில் போய்விடும். சாதாரண ஃபாஸ்ட் ஃபியூஸைப் போட்டுவிட்டு, ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் போகிறதே என்று கம்பியைச் சுற்றி வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.