படம் சிதறித் தெரிகிறதா? கிராபிக்ஸ் டிரைவர் பிழையைத் துரத்திப் பிடிக்கும் வழி

லினக்ஸில் ஏதோ ஒரு அப்டேட் வந்தது. அதற்கப்புறம் படம் பார்க்கும் செயலியில் புகைப்படத்தைப் பெரிதாக்கினால் போதும், சீட்டுக்கட்டைக் கலைத்து அடுக்கியது போலக் கட்டம் கட்டமாக இடம் மாறித் தெரிந்தது. யாரிடம் கேட்டாலும் "ஓஎஸ்ஸையே புதிதாகப் போட்டுவிடு" என்றுதான் பதில். அதை மட்டும் செய்யாதீர்கள். பிழை போகாமலே இருக்கலாம். தற்செயலாகப் போய்விட்டாலும் ஏன் போனது என்று தெரியாது, அடுத்த அப்டேட்டில் திரும்பி வந்து நிற்கும்.

ஒரு படம் வட்டிலிருந்து கண்ணுக்கு வர நீளமான வழி இருக்கிறது: கோப்பு, அதைப் பிரித்துப் படிக்கும் நூலகம், செயலி, ஜிடிகே போன்ற கருவித்தொகுப்பு, டிரைவர், கர்னல், கடைசியாகத் திரை. இந்த வழியைப் பாதிப் பாதியாக வெட்டி, எந்தப் பாதியில் பிழை என்று பார்ப்பதுதான் வேலை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். டெர்மினல் பழக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் ஒரு ஸ்கிரீன்ஷாட்

படம் சிதறியிருக்கும்போது ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை போனுக்கு அனுப்பி அங்கே திறந்து பாருங்கள். அதே கணினியில், அதே செயலியில் திறந்தால் எது பழைய சிதறல், எது புதிய சிதறல் என்று குழம்பிவிடும். போனிலும் சிதறித் தெரிந்தால் படம் வரையும்போதே கெட்டிருக்கிறது, தொடர்ந்து படியுங்கள். போனில் சரியாகத் தெரிந்தால் கேபிள், திரை, அல்லது திரைக்கு அனுப்பும் கட்டத்தில் கோளாறு. அதற்கு வேறு வைத்தியம்.

மூலப் படத்தையும் போனில் ஒருமுறை திறந்துவிடுங்கள். கோப்பே கெட்டிருந்தால் டிரைவரைத் திட்டிப் பயனில்லை.

சோதனைக்கு ஒரு எண் கட்டம்

குடும்பப் புகைப்படத்தை வைத்துப் பிழை தேடாதீர்கள். கிம்ப் என்ற பட எடிட்டரில் ஒரு வெள்ளைப் படம் திறந்து, கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு எண் எழுதுங்கள். 1000, 1001, 1024 புள்ளி அகலங்களில் மூன்று பிரதி சேமியுங்கள். சாதாரணப் புகைப்படத்தில் "என்னவோ கெட்டிருக்கிறது" என்று மட்டும்தான் தெரியும். எண் கட்டத்தில் எது எங்கே போயிருக்கிறது என்றே தெரியும்.

எனக்கு 27 இருக்க வேண்டிய இடத்தில் 31 இருந்தது. ஆனால் அந்த 31 தெளிவாக, முழுசாக இருந்தது. அதாவது தரவு அழியவில்லை, முகவரிதான் தப்பு. கிராபிக்ஸ் கார்டு பெரும்பாலும் படத்தை வரிசை வரிசையாக வைப்பதில்லை. சின்னச் சின்ன ஓடுகளாகப் பிரித்து நினைவகத்தில் வைக்கும். எழுதுபவரும் படிப்பவரும் அந்த ஓடுகளை ஒரே கணக்கில் எண்ணவில்லை என்றால் இப்படித்தான் வரும்.

வேறு அடையாளங்களும் உண்டு. சிவப்பும் நீலமும் இடம் மாறி, மனித முகம் நீலமாகத் தெரிந்தால் நிற வரிசையில் குளறுபடி. பெரிய படம் மட்டும் கறுப்பாக வந்தால் அளவு வரம்பைப் பாருங்கள். பல கார்டுகளில் ஒரு பக்கத்துக்கு 16384 புள்ளிதான் எல்லை. பனோரமா படம் எடுப்பவர்கள் இதில் அடிக்கடி முட்டிக்கொள்வார்கள்.

படம் சாய்ந்து, கோடு கோடாக நிறம் மாறியிருந்தால் மட்டும் கொஞ்சம் பொறுங்கள். அது பெரும்பாலும் செயலியின் தப்பு. செயலிகள் டிரைவரிடம் வரையச் சொல்லும் வழிகளில் ஒன்று ஓப்பன்ஜிஎல். அதில் படத்தின் ஒவ்வொரு வரிசையும் 4 பைட்டின் மடங்கில் தொடங்கும் என்பது இயல்பான ஏற்பாடு. புள்ளிக்கு 3 பைட் வீதம் 1000 புள்ளிக்கு 3000 பைட், வம்பில்லை. 1001 புள்ளிக்கு 3003. செயலி அதை இடைவெளி இல்லாமல் அடுக்கிக் கொடுத்துவிட்டு டிரைவரிடம் சொல்லாமல் விட்டால், டிரைவர் 3004 என்று எண்ணிப் படிக்கும். வரிசைக்கு ஒரு பைட் நழுவி, கீழே போகப் போகப் படம் சாயும். 1000 அகலப் படம் நன்றாக இருந்து 1001 மட்டும் சாய்ந்தால், செயலியை எழுதியவரிடம் போங்கள்.

கார்டை ஒதுக்கிவிட்டு வரைந்து பார்ப்பது

பலரும் தடுக்கி விழும் இடம் இது.

இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் யோசனை, 'லிப்ஜிஎல்_ஆல்வேஸ்_சாஃப்ட்வேர்' என்ற சூழல் மாறிக்கு 1 என்று மதிப்புக் கொடுத்துச் செயலியைத் திறப்பது. பெயர் முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்து, நடுவே அடிக்கோடு. இதைக் கொடுத்தால் மெசா டிரைவர் தொகுப்பு கார்டைத் தொடாமல், எல்எல்விஎம்பைப் என்ற மென்பொருள் வழியாக சிபியூவிலேயே வரையும். படம் சரியாக வந்தால் கார்டின் டிரைவர் மேல் சந்தேகம் வலுக்கும். வராவிட்டால் டிரைவர் நிரபராதி என்று எழுதியிருப்பார்கள்.

இரண்டாவது பாதி தப்பு. அந்த மாறி ஓப்பன்ஜிஎல்லுக்குத்தான். செயலி வல்கன் என்ற இன்னொரு, புதிய வழியில் வரைந்துகொண்டிருந்தால் அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. ஜிடிகே 4.16 பதிப்பிலிருந்து, 2024 செப்டம்பர் முதல், வேலண்ட் என்ற திரை அமைப்பில் ஜிடிகே செயலிகள் வல்கனையே முதலில் எடுத்துக்கொள்கின்றன. நீங்கள் மாறியை வைத்துவிட்டு "அப்பவும் சிதறுகிறதே" என்று செயலியைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். கார்டு பாட்டுக்கு வல்கனில் வரைந்துகொண்டிருக்கும்.

அதனால் முதலில் யார் வரைகிறார்கள் என்று கேளுங்கள். 'ஜிஎஸ்கே_டீபக்' என்ற மாறிக்கு 'ரெண்டரர்' என்று சின்ன எழுத்தில் மதிப்புக் கொடுத்து, டெர்மினலிலிருந்து செயலியைத் திறந்தால், எந்த வரைவியைப் பயன்படுத்துகிறது என்று ஒரு வரி அச்சாகும். அப்புறம் 'ஜிஎஸ்கே_ரெண்டரர்' என்ற மாறியை வைத்து மூன்று முறை திறங்கள்: ஒருமுறை 'வல்கன்', ஒருமுறை 'ஜிஎல்', ஒருமுறை 'கெய்ரோ'. கெய்ரோ கார்டையே தொடாது. என் கணினியில் கெய்ரோவிலும் ஜிஎல்லிலும் எண் கட்டம் ஒழுங்காக வந்தது, வல்கனில் மட்டும் சிதறியது. சந்தேகத்துக்குரிய இடம் அங்கேயே பாதிக்கு மேல் சுருங்கிவிட்டது.

ஃபயர்பாக்ஸில் படம் சிதறினால், உதவிப் பட்டியலில் உள்ள பழுதுநீக்கும் தகவல் பக்கத்தைத் திறந்து கிராபிக்ஸ் பகுதியைப் பாருங்கள். குரோமில் அமைப்புகளுக்குள் போய் கிராபிக்ஸ் முடுக்கத்தை அணைத்துவிட்டு ஒருமுறை திறந்து பார்த்தால் போதும். விண்டோஸ்காரர்கள் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டிரைவர் மீண்டும் தொடங்கும். அதில் சிதறல் தற்காலிகமாக மறைந்தாலும் அது ஒரு தடயம்தான்.

கர்னலா, மெசாவா?

லினக்ஸில் திறந்தமூல கிராபிக்ஸ் டிரைவர் இரண்டு துண்டு. ஒன்று கர்னலுக்குள். இன்னொன்று வெளியே மெசாவில். கணினி தொடங்கும்போது கிரப் பட்டியலில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்து எண் கட்டத்தைத் திறங்கள். அப்போதும் சிதறினால் மெசா பக்கம் போங்கள். டெபியன், உபுண்டு என்றால் ஏபிடி என்ற நிறுவல் கருவியின் வரலாற்றுப் பதிவைத் திறந்து, பிழை தொடங்கிய நாளில் எந்தெந்தத் தொகுப்பு மாறியது என்று படியுங்கள். ஞாபகத்தை நம்புவதைவிட இது மேல்.

கிட் பைசெக்ட்

மெசாவின் மூலநிரலை இறக்கி, வேலை செய்த பழைய பதிப்பை 'குட்' என்றும், கெட்ட பதிப்பை 'பேட்' என்றும் கிட் என்ற பதிப்புக் கருவியின் 'பைசெக்ட்' கட்டளையிடம் சொன்னால், நடுவில் உள்ள மாற்றத்தை எடுத்துத் தரும். அதைத் தொகுத்து (கம்பைல் செய்து), எண் கட்டத்தைத் திறந்து, பதில் சொன்னால் மறுபடி நடுவைத் தரும். இடையே 2000 மாற்றங்கள் இருந்தாலும் 11 சோதனையில் முடிந்துவிடும்.

இரண்டு விஷயம் மட்டும். மெசாவைத் தொகுக்கும் கருவியான மெசானின் அமைப்பில் உங்கள் கார்டுக்கான டிரைவரை மட்டும் தொகுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு தடவையும் ஊரில் உள்ள கார்டுகளுக்கெல்லாம் சேர்த்துத் தொகுக்கும். அப்புறம், தொகுத்ததை அமைப்பு முழுவதற்கும் நிறுவவே வேண்டாம். மெசானின் 'டெவ்என்வ்' கட்டளை, புதிய டிரைவரை அந்த ஒரு டெர்மினலுக்குள் மட்டும் செயல்படுத்தும். கெட்ட டிரைவரை நிறுவிவிட்டு டெஸ்க்டாப்பே வராமல் தவிப்பதைவிட இது எவ்வளவோ நிம்மதி. நடுவில் தொகுக்கவே முடியாத பதிப்பு வந்தால் 'ஸ்கிப்' சொல்லுங்கள், ஊகித்து 'பேட்' போடாதீர்கள்.

பிழையறிக்கை

கார்டின் பிசிஐ எண், மெசா பதிப்பு, கர்னல் பதிப்பு, எண் கட்டம், ஸ்கிரீன்ஷாட், பைசெக்ட் காட்டிய மாற்றம். இவ்வளவு இருந்தால் மெசாவின் கிட்லேப் பக்கத்தில் அறிக்கையைத் தள்ளிவிட யாருக்கும் மனம் வராது. ஓப்பன்ஜிஎல் என்றால் ஏபிஐடிரேஸ் என்ற கருவி கொண்டு வரைதல் கட்டளைகளைத் தடமாகப் பதிந்து சேர்க்கலாம். அது வல்கனைப் பிடிக்காது, அதற்கு ரெண்டர்டாக். எனக்கு ரெண்டர்டாக்தான் பிடிக்கும், ஒவ்வொரு வரைதலாக நகர்த்தி எந்த இடத்தில் படம் கெடுகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: தடக் கோப்புக்குள் படமும் அப்படியே போகும். முன்பு எண் கட்டம் போடச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிற்சேர்க்கை 1: "மெசாவைப் பழைய பதிப்புக்கு மாற்றியும் ஒரு மாற்றமும் இல்லை" என்று பலர் பின்னூட்டத்தில் எழுதியிருந்தார்கள். விசாரித்தால் செயலி பிளாட்பேக், அதாவது தனக்கு வேண்டிய நூலகங்களோடு தனியாக நிறுவப்படும் வகை. பிளாட்பேக் செயலிகள் கணினியில் உள்ள மெசாவைப் பார்ப்பதில்லை, தங்கள் ரன்டைமோடு வரும் மெசாவைத்தான் பயன்படுத்தும். அதே மாதிரியான ஸ்னாப் வகையிலும் இதே சிக்கல் வரும். உபுண்டு 22.04 முதல் ஃபயர்பாக்ஸ் ஸ்னாப்பாகத்தான் வருகிறது. இதை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். ஒரே செயலியை ஏபிடியிலிருந்து ஒன்று, பிளாட்பேக்கில் ஒன்று என்று நிறுவினால், ஒன்றும் தொகுக்காமலே இரண்டு மெசா பதிப்புகளை ஒப்பிட்டுவிடலாம்.

பிற்சேர்க்கை 2: இரண்டு கிராபிக்ஸ் கார்டு உள்ள மடிக்கணினியில், எந்தக் கார்டு வரைகிறது என்பதை ஒவ்வொரு சோதனையிலும் குறித்துக்கொள்ளுங்கள். சார்ஜர் போட்டால் ஒரு மாதிரி, எடுத்தால் ஒரு மாதிரி என்று ஒருவர் சொன்னதற்குக் காரணம் அதுதான்.

பிற்சேர்க்கை 3: டிரைவர் திருத்தப்படும்வரை தற்காலிக வழி கேட்கிறார்கள். வீட்டு அடைவில் 'கான்ஃபிக்' என்ற மறைந்த அடைவுக்குள் 'என்விரான்மென்ட்.டி' என்று ஒரு அடைவு உருவாக்கி, அதில் 'கான்ஃப்' என்று முடியும் கோப்பில் ஜிஎஸ்கே ரெண்டரர் மாறிக்கு ஜிஎல் மதிப்பை ஒரு வரியாக எழுதுங்கள். வெளியேறி மறுபடி உள்ளே வந்தால் எல்லா ஜிடிகே செயலிகளுக்கும் பொருந்தும். திருத்தம் வந்ததும் அந்தக் கோப்பை நீக்கிவிடுங்கள்.