சமவாயம்: பிரிக்க முடியாத உறவைப் புரிந்துகொள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தியத் தத்துவ மரபுகளுள் ஒன்றைச் சேர்ந்த வைசேஷிகர்கள் உள்பொருள் அனைத்தையும் திரவியம் (பொருள்), குணம், கருமம் (செயல்), சாமானியம் (பொதுமை), விசேஷம் (தனித்தன்மை), சமவாயம் (பிரிக்க முடியாத உறவு) என்னும் 6 பதார்த்தங்களுள் (பொருள்வகைகளுள்) அடக்கினார்கள். பிற்காலத்தார் அபாவத்தையும் (இன்மையையும்) சேர்த்து 7 என்றார்கள். மணிமேகலையில் சமயக் கணக்கருள் ஒருவனான வைசேடிகவாதி எண்ணிச் சொல்வதும் அந்த ஆறையே. ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையும் சூத்திரஸ்தானம் என்னும் தன் பகுதியின் முதல் அத்தியாயத்திலேயே அவற்றை எடுத்துக்கொள்கிறது. ஆனால் அங்கே சாமானியமும் விசேஷமும் முன்னே வருகின்றன. ஒத்தது ஒத்ததைப் பெருக்கும், மாறுபட்டது குறைக்கும் என்பதே வைத்தியனுக்கு முதல் கருவியாதலால், இந்த வரிசை மாற்றம் பொருளுடையது என்றே நான் கருதுகிறேன். தத்துவம், மருத்துவம் ஆகிய இரு துறைகளிலும் மிகுதியாகத் திரித்து விளக்கப்படுவது ஆறாவதான சமவாயம்தான்.

அதனை ஒருவகைச் சேர்க்கையாக எண்ணுவதே பலரும் செய்யும் தவறு. கிண்ணத்தில் கிடக்கும் இலந்தைப்பழத்துக்கும் கிண்ணத்துக்கும் உள்ளது சம்யோகம், அதாவது வெறும் சேர்க்கை. இரண்டும் முன்பு தனித்தனியே இருந்தன, பழத்தை எடுத்துவிட்டால் மீண்டும் தனித்தனியே இருக்கும். அந்தப் பழத்துக்கும் அதன் சிவப்புக்கும் உள்ள உறவு அத்தகையதன்று. பழத்தை விட்டுச் சிவப்பு மட்டும் எங்கும் தனியே நிற்பதில்லை. சம்யோகம் குணங்களுள் ஒன்றாகவே எண்ணப்படுவதால், கிண்ணமும் பழமும் கொண்டுள்ள அந்தச் சேர்க்கைகூட அவற்றில் சமவாயத்தால்தான் இருக்கிறது. இதை மறந்து சமவாயத்தைப் பசைபோலக் கருதினால், அந்தப் பசையை ஒட்ட வேறொரு பசை வேண்டுமே என்னும் முடிவிலாக் கேள்வி எழும். பிரம்மசூத்திர உரையில் (2.2.13) சங்கரர் எழுப்பும் ஆட்சேபமும் இந்த முடிவின்மையைப் பற்றியதே. சமவாயம் தன் இயல்பாலேயே தன் பொருள்களில் நிற்கிறது, அதற்கு வேறோர் உறவு வேண்டியதில்லை என்பது நியாய வைசேஷிகர்களின் மறுமொழி. அதை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் முடிவு. ஆயினும் அவர்கள் சொன்னது இன்னதென்று அறியாமல் மறுப்பது முறையாகாது.

‘பிரியாதது’ என்றால் ‘அழியாதது’ என்று கொள்வது அடுத்த தவறு. சூளையில் வெந்த பானையின் கருமை போய்ச் சிவப்பு வருகிறது. துணி கிழிந்து அழிந்த பின்னும் நூல் எஞ்சுகிறது. இவற்றைக் காட்டிச் சமவாயம் பொய்த்துவிட்டது என்று சொல்ல இயலாது. சிவஞான முனிவர் தமிழாக்கிய தருக்க சங்கிரகம் என்னும் நூலில் அதன் ஆசிரியர் அன்னம்பட்டர் இதனை நுட்பமாக வரையறுக்கிறார்: இரண்டனுள் ஒன்று, தான் அழியாதிருக்கும் வரையில், மற்றொன்றைச் சார்ந்தே நிற்குமாயின் அவை பிரிவின்றி அமைந்தவை. உறுப்பும் உறுப்புடையதும், குணமும் குணியும் (குணமுடையதும்), கிரியையும் கிரியையுடையதும், சாதியும் (பொதுமையும்) வியக்தியும் (தனிப்பொருளும்), நித்திய (அழியாத) திரவியமும் விசேஷமும் என அத்தகைய இணைகள் ஐந்து. சார்பு ஒருபக்கத்தது என்பதைக் கவனிக்க வேண்டும்: துணிக்கு நூல் வேண்டும், நூலுக்குத் துணி வேண்டியதில்லை. நித்தியம் எனப்படுவது சமவாயம் என்னும் உறவேயன்றி, அதனால் இணைந்த பொருள்கள் அனைத்தும் அல்ல.

புகைக்கும் நெருப்புக்கும் உள்ள தொடர்பைச் சமவாயத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வோரும் உள்ளனர். அது அனுமானத்துக்கு அடிப்படையான வியாப்தி, அதாவது ஒன்று இருந்தால் மற்றொன்றும் தவறாது இருக்கும் என்னும் உடனிருப்பு. புகை நெருப்பில் குணமாகத் தங்கியிருப்பதில்லை. அதுபோலவே இராமானுஜ மரபின் அப்ருதக்சித்தியையும் (பிரிந்து நில்லாமை), பாட்ட மீமாம்சகரின் தாதான்மியத்தையும் (வேற்றுமையோடு கூடிய ஒருமை) சமவாயத்தின் மறுபெயர்களாக்கக் கூடாது. அவை சமவாயத்தை ஏற்காத மரபுகள் தமக்கென அமைத்துக்கொண்ட விடைகள்.

ஆயுர்வேதத்தில் இந்தக் குழப்பம் நேராக மருந்துத் தேர்வையே பாதிக்கும். மண் முதலிய பூதங்கள் தம் குணங்களினின்று பிரியாதிருப்பதே சமவாயம் என்றும், செயலும் குணமும் எதனைச் சார்ந்துள்ளனவோ, எது சமவாயிக் காரணமோ (விளைவு சமவாயத்தால் தங்கும் காரணமோ) அதுவே திரவியம் என்றும் சரகம் சொல்கிறது. இதன் பயன் சூத்திரஸ்தானம் 26ஆம் அத்தியாயத்தில் வெளிப்படுகிறது. குணத்தைக் குணம் சார்ந்திராது. ஆகையால் ஒரு சுவைக்குச் சொல்லப்பட்ட குளிர்ச்சி, வெம்மை, நெய்ப்பு முதலியவற்றை அந்தச் சுவையுடைய திரவியத்தின் குணங்களாகவே வைத்தியன் கொள்ள வேண்டும் என்கிறது அந்த அத்தியாயம். புளிப்பு சூடு, பித்தத்தைக் கூட்டும் என்று மனப்பாடம் செய்தவர் நெல்லிக்காயைப் பித்த நோயாளிக்குத் தர அஞ்சுவார். அதே அத்தியாயமோ, புளிப்பாயினும் நெல்லிக்காய் உஷ்ணமன்று, உப்பாயினும் இந்துப்பு உஷ்ணமன்று என்று எடுத்துச் சொல்கிறது. நோயாளியின் உடலில் செயற்படுவது நெல்லிக்காய்; புளிப்பு அதைச் சார்ந்து நிற்கும் பல குணங்களுள் ஒன்று மட்டுமே.

கூட்டு மருந்துகளில் இன்னும் எச்சரிக்கை தேவை. சரகத்தின் மற்றொரு பகுதியான விமானஸ்தானத்தின் முதல் அத்தியாயம், சரக்குகளின் இயல்புக்கு ஒத்த சேர்க்கை, அவற்றின் இயல்பை மாற்றிவிடும் சேர்க்கை என இரண்டைப் பிரிக்கிறது. ஆரத்தி நீரில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்ததும் எழும் சிவப்பு மஞ்சளிலும் இல்லை, சுண்ணாம்பிலும் இல்லை. இரண்டாம் வகையை அறிய இதைக் கண்டாலே போதும். முதல் வகையில் சரக்குகளின் குணங்களைத் தனித்தனியே அறிந்து மருந்தின் பயனைக் கணிக்கலாம். இரண்டாம் வகையில் அவ்வாறு கணிக்க முற்படாமல், கூட்டு முழுவதன் விளைவையே நேராக ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டும் என்பது சரகத்தின் கட்டளை.