ஆங்கில ‘ரன்’: எங்கே ஓடும், எங்கே ஓடாது?

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு கேரள பி.எஸ்.சி. (அரசுப் பணியாளர் தேர்வாணையம்) தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு இது. ‘ரன்’ என்ற வினைக்கு அகராதியில் பக்கம் பக்கமாகப் பொருள் போட்டிருக்கும். அதை மனப்பாடம் செய்வது வீண்வேலை. ரன், ரேன், ரன் என்ற மூன்று உருவமும் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: ‘ஓடு’ வருகிற வாக்கியங்களை எழுதுங்கள்

பையன் ஓடுகிறான். மோட்டார் ஓடுகிறது. படம் நூறு நாள் ஓடியது. ஹர்த்தால், அதனால் பஸ் ஓடாது. இதெல்லாம் அப்படியே ‘ரன்’ஆக மாறும்: “பஸஸ் வில் நாட் ரன் டுடே.” கால் இருக்கிறவன் ஓடுவது நேர்ப்பொருள், மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைத்தது. தமிழிலும் மலையாளத்திலும் இதே கிளைகள் இருப்பதால் பாதி வேலை முடிந்தது.

மாறாதவற்றைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். “எனக்கு ஒன்றுமே ஓடவில்லை” என்றால் “ஐ காண்ட் திங்க்”. “என்னை ஓட்டாதே” என்று நண்பனிடம் சொல்வதை ‘ரன்’ போட்டுச் சொன்னால் அவனுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. அங்கே “டோன்ட் டீஸ் மீ”.

படி 2: ஓடுவதா, ஓட்டுவதா?

எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். தமிழில் தானாக நடந்தால் ‘ஓடு’, நாம் நடத்தினால் ‘ஓட்டு’. ஆங்கிலத்துக்கு இரண்டும் ஒன்றே. “த மோட்டார் இஸ் ரன்னிங்” என்றால் மோட்டார் ஓடுகிறது. “ஐ ரேன் த மோட்டார் ஃபார் டூ அவர்ஸ்” என்றால் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்ச நான் இரண்டு மணி நேரம் ஓட்டினேன்.

சரி, அப்படியானால் லாரி ஓட்டுவதும் ‘ரன்’தானே? இல்லை. வாளையாறு தாண்டிப் போகிற டிரைவர் “ஐ ரன் டூ லாரீஸ்” என்று சொன்னால், கேட்பவர் அவரை இரண்டு லாரிக்கு முதலாளி என்று நினைப்பார். ஸ்டீயரிங் பிடிப்பது ‘டிரைவ்’. தொழிலாக நடத்துவது ‘ரன்’. டீக்கடை நடத்துகிறவர் தாராளமாக “ஐ ரன் எ டீ ஷாப்” என்று சொல்லலாம். ஆக ஓடு, ஓட்டு, நடத்து என்ற மூன்றுக்கும் அந்த ஒரு வினையே வந்து நிற்கிறது. பின்னால் ‘எதை’ என்ற கேள்விக்குப் பதில் இருந்தால் ஓட்டு அல்லது நடத்து, இல்லாவிட்டால் ஓடு.

இதற்குக் கேம்பிரிட்ஜ் அகராதி நல்லது. இணையத்தில் இலவசம். பொருளுக்கு முன்னால் சதுர அடைப்புக்குள் ஐ (I) அல்லது டி (T) என்ற எழுத்து இருக்கும்: ஐ என்றால் ஓடு, டி என்றால் ஓட்டு. மொழிபெயர்ப்புச் செயலியை இந்த வேலைக்கு நான் தொடுவதே இல்லை.

படி 3: தண்ணீர், சாயம், சாலை

மூக்கு நமக்கு ஒழுகுகிறது, ஆங்கிலத்தில் ஓடுகிறது: “மை நோஸ் இஸ் ரன்னிங்.” துவைக்கும்போது சட்டைச் சாயம் வேட்டியில் இறங்கினாலும் “த கலர் ரேன்”. நீர்போலப் பரவுவது எல்லாம் இந்தக் கிளை.

அசையாத பொருளும் ஓடும். “என்.எச். 544 ரன்ஸ் ஃப்ரம் சேலம் டு கொச்சி.” நாம் சாலை ‘போகிறது’ என்போம். இங்கே ‘இஸ் ரன்னிங்’ போட வேண்டாம், சாலையே எழுந்து ஓடுவதுபோல் ஆகிவிடும். என்றைக்கும் அப்படியே இருப்பதற்கு ‘ரன்ஸ்’ போதும். பரம்பரை நோய்க்கும் இதே விதி: “டயபெட்டீஸ் ரன்ஸ் இன் மை ஃபேமிலி.”

படி 4: ஒட்டிக்கொள்கிற சின்னச் சொற்கள்

‘ரன் அவுட்’ என்றதும் கிரிக்கெட்தான் நினைவுக்கு வரும். அதை விடுங்கள். வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அரிசியை எழுவாயாக வைத்தால் “த ரைஸ் ஹேஸ் ரன் அவுட்”. நம்மை வைத்தால் “வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் ரைஸ்”. அந்த ‘ஆஃப்’ விட்டுப்போனால் வாக்கியமே தப்பு. தமிழில் எப்போதும் அரிசிதான் தீர்கிறது, நாம் தீர்வதில்லை. அதனால்தான் கை தானாக ‘ஆஃப்’ஐ விட்டுவிடுகிறது.

‘ரன் இன்டு’வில் இரண்டு வேலை. “ஐ ரேன் இன்டு மை டீச்சர்” என்றால் வாத்தியாரை வழியில் தற்செயலாகப் பார்த்தேன். “த பஸ் ரேன் இன்டு எ ட்ரீ” என்றால் பஸ் மரத்தில் மோதிவிட்டது. நீங்கள் பைக்கில் போன கதையைச் சொல்லும்போது வாத்தியாருக்கு ‘மெட்’ போடுவதே எல்லாருக்கும் நல்லது. ‘ரன் ஓவர்’ வேறு, அது வண்டி ஏறிவிட்ட சேதி.

பிற்சேர்க்கை: “பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கிறார் என்பதற்கு ‘ரன்’ போடலாமா?” என்று ஒருவர் கேட்டிருந்தார். ‘ரன் ஃபார்’ அமெரிக்க வழக்கு. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் நம்மைப் போலவே நிற்பார்கள், ‘ஸ்டாண்ட் ஃபார்’. நம் ஊர் ஆங்கிலப் பத்திரிகைகளில் அதிகம் காண்பது ‘கான்டெஸ்ட்’. தேர்வில் அதையே எழுதுங்கள், ஆனால் “கான்டெஸ்ட் த எலெக்‌ஷன்” என்று மட்டும். நடுவில் ‘ஃபார்’ வராது.