விண்ணக ஏக்கத்தை வளர்ப்பது எப்படி: கடற்கரைக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், மூக்கையூர் என்று இராமநாதபுரக் கடற்கரை நெடுகிலும் உள்ள நம் ஊர்களில், விண்ணகத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அடக்கத் திருப்பலியில்தான் எழுகிறது. கல்லறையிலிருந்து திரும்பிக் குளித்து முடித்ததும் அந்தப் பேச்சும் முடிந்துவிடுகிறது. ஆனால் ஞாயிறுதோறும் நம்பிக்கை அறிக்கையின் கடைசி வரியில் நிலைவாழ்வை நம்புவதாக எல்லோரும் சேர்ந்து சொல்கிறோம். அந்த வரி வாயோடு நின்றுவிடாமல் நெஞ்சில் இறங்குவதற்கு, உபதேசியாராக வீடுகளுக்குச் சென்றுவருகையில் நான் கண்டறிந்த வழிகளை எழுதுகிறேன்.

முதலில் ஏக்கத்தையும் சலிப்பையும் பிரித்தறிய வேண்டும். வட்டி கட்ட முடியாதபோதும், மூட்டுவலி தூங்கவிடாதபோதும், "ஆண்டவர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டால் போதும்" என்று சொல்கிறோம். அது களைப்பின் குரல். அதில் குற்றமில்லை, ஆனால் அதையே விண்ணக ஆவல் என்று எண்ணிவிடக் கூடாது. பவுலடியார் பிலிப்பியருக்கு எழுதும்போது, உலகைவிட்டுப் பிரிந்து கிறிஸ்துவோடு இருப்பதே தமக்கு மிகச் சிறந்தது என்று ஒளிவின்றிச் சொல்லிவிட்டு, உங்கள் பொருட்டு இங்கே இருப்பது தேவையாயிருப்பதால் இருப்பேன் என்றும் அதே மூச்சில் சொல்கிறார். விண்ணகத்தை நினைத்து எழுந்த காலையில் வீட்டாரிடம் உங்கள் பேச்சு கனிந்திருந்தால் அது ஏக்கம். எதையும் தொட மனமில்லாமல் சுவரைப் பார்த்துப் படுக்கவைத்தால் அது சலிப்பு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் யாருக்கேனும் வந்தால், அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். பங்குத்தந்தையிடமும் மருத்துவரிடமும் செல்லுங்கள். செபித்துக்கொண்டு தனியே சமாளிக்கலாம் என்று இருந்துவிட வேண்டாம்.

அடுத்ததாக, எதற்காக ஏங்குகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். நோயும் கடனும் இல்லாத ஓர் ஊர் என்ற அளவிலேயே பலருடைய விண்ணகம் நின்றுவிடுகிறது. உண்மையான ஒரே கடவுளையும் அவர் அனுப்பிய இயேசு கிறிஸ்துவையும் அறிவதே நிலைவாழ்வு என்று யோவான் நற்செய்தியின் 17ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆகவே நாம் ஏங்குவது ஓர் ஆளுக்காக. கலைமான் நீரோடைக்குத் தவிப்பதுபோல் என்று தொடங்கும் 42ஆம் திருப்பாடலை, நடுக்கடலில் குடிநீர்க் கேன் காலியான இரவைக் கடந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சுற்றிலும் தண்ணீர், குடிக்க ஒரு மிடறு கிடையாது. நம் வாழ்விலும் அப்படிப்பட்ட வேளைகள் உண்டு: நல்ல மீன்பாடு கிடைத்துப் பணம் கைக்கு வந்த இரவு, மகளின் திருமணம் முடிந்து பந்தல் பிரித்த மாலை. எல்லாம் இருந்தும் ஏதோ குறைகிறது. அந்த வேளையில் உடனே கைப்பேசியை எடுக்காதீர்கள். ஐந்து நிமிடம் அந்தக் குறையோடு அமர்ந்து, "ஆண்டவரே, நான் தேடுவது உம்மைத்தான்" என்று சொந்த வார்த்தையில் சொல்லிப் பழகுங்கள். இந்த ஒரு பழக்கம், விண்ணகத்தைப் பற்றிக் கேட்கும் பத்து மறையுரைகளைவிடப் பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

அன்றாடச் செபங்களில் புதிதாக எதையும் சேர்க்கத் தேவையில்லை. ஒரு செபமாலையில் அருள் நிறைந்த மரியே செபத்தை 53 முறை சொல்கிறோம்; அதாவது நம் இறப்பின் வேளையை ஒரே அமர்வில் 53 முறை அன்னையின் கையில் ஒப்படைக்கிறோம். ஒவ்வொரு பத்திலும் ஒரேயொரு மணியிலாவது "இப்பொழுதும் எங்கள் இறப்பின் வேளையிலும்" என்ற சொற்களில் நிறுத்தி நிதானமாகச் சொல்லுங்கள். படுக்கும்முன், முதியவர் சிமியோன் குழந்தை இயேசுவைக் கையில் ஏந்தி, உம் அடியானை இப்போது அமைதியுடன் போகச் செய்கிறீர் என்று சொன்ன செபத்தைச் சொல்லலாம். திருச்சபை அதைத் தன் இரவு மன்றாட்டில் நாள்தோறும் சொல்கிறது. ஞாயிறன்று வலையைக் கரையில் விட்டுத் திருப்பலிக்குப் போகும் வழக்கத்தையும் காத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் வருமானத்தை விட்டுக்கொடுக்கும்போதுதான் வருமானத்துக்கு அப்பாலும் ஒன்று உண்டு என்று பிள்ளைகள் கண்ணால் பார்க்கிறார்கள்.

ஆண்டுக்கு ஒருமுறையேனும் குடும்பத்தோடு ஓரியூருக்குச் சென்றுவாருங்கள். அங்கு 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் வெட்டுண்டு இறந்த போர்ச்சுக்கல் நாட்டு மறைப்பணியாளர் புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில், தாம் சாவை ஆவலோடு எதிர்பார்த்திருப்பதாகச் சொன்னார். அவ்வளவு ஆவல் கொண்டவர் அதற்கு முன் என்ன செய்தார் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 1686இல் மறவர் நாட்டில் பிடிபட்டுச் சித்திரவதைக்கு உள்ளாகி, பிறகு போர்ச்சுக்கலுக்குச் சென்றவரை அரசர் அங்கேயே நிறுத்திக்கொள்ள விரும்பினார். அவரோ 1690இல் மீண்டும் இங்கே வந்து, வெயிலில் நடந்து, மக்களுக்குப் போதித்தார். விண்ணகத்தை விரும்பியவர் விட்ட வேலைக்குத் திரும்பினார். அவர் இரத்தம் சிந்திய மண் என்று மக்கள் போற்றும் ஓரியூரின் செம்மண்ணை வீட்டுக்குக் கொண்டுவந்தால், அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் திரும்பி வருதலையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கடலில் ஆளைப் பறிகொடுத்த வீடுகளில் இந்த ஏக்கத்தைப் பற்றிப் பேசுவதற்குத் தனிக் கவனம் வேண்டும். திருவெளிப்பாட்டின் 21ஆம் அதிகாரம் புதிய விண்ணகத்தையும் புதிய மண்ணகத்தையும் சொன்ன கையோடு, கடலும் இல்லாமற்போயிற்று என்று சொல்கிறது. கடலை நம்பிப் பிழைப்பவர்களிடம் இதை எப்படி வாசிப்பது என்று நான் நெடுநாள் தயங்கியதுண்டு. மகனுடைய உடல்கூடக் கரைசேராத ஒரு தாயின் வீட்டில், முப்பதாம் நாள் செபத்தில் அந்த வரியை வாசிக்க நேர்ந்தது. அவர் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தவர், கையை எடுத்துவிட்டு, "உபதேசியாரே, அந்த வரிய இன்னொருக்க படிங்க" என்றார். படித்தேன். "அப்ப அங்க எம்புள்ளைக்கும் எனக்கும் நடுவுல அது கெடக்காதுல்ல" என்றார். பத்மு தீவில் கடலால் தம் சபைகளிடமிருந்து பிரிக்கப்பட்டிருந்த யோவான் அந்த வரியை எந்த நெஞ்சோடு எழுதியிருப்பார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அதற்கு முந்தைய அதிகாரத்தில், கடல் தன்னிடமிருந்த இறந்தோரைத் திருப்பித் தந்தது என்ற வரியும் இருக்கிறது. கல்லறை இல்லாதவர்களின் வீட்டில் இவ்விரண்டையும் சேர்த்தே வாசியுங்கள். நவம்பர் 2ஆம் நாள் எல்லோரும் கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது, அவர்களையும் அழைத்துச் சென்று, கல்லறைத் தோட்டத்தின் சிலுவையடியில் அவர்களுடைய பிள்ளைக்கும் ஒரு திரியை ஏற்றச் செய்யுங்கள்.

ஏக்கமே வறண்டுபோன காலங்களும் வரும். அப்போது எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகத்தின் 6ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்; எதிர்நோக்கை அது உயிருக்கு நங்கூரம் என்கிறது. நங்கூரம் கடலடிப் பாறையான பார்த்தட்டில் மாட்டிவிட்டதா என்று எவரும் குனிந்து பார்ப்பதில்லை. கயிறு விறைக்கிறது, கையில் ஓர் இழுப்புத் தெரிகிறது, படகின் முன்பகுதியான அணியம் காற்றைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது, அதைக்கொண்டே அறிகிறோம். நம்முடைய நங்கூரம் கீழே போகவில்லை, கோவிலின் திரைச்சீலைக்கு அப்பால் கிறிஸ்து நுழைந்த இடத்தில் மாட்டியிருக்கிறது. உணர்வு எதுவும் இல்லாத நாளிலும், கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், பேசாமலிருக்கும் தம்பியிடம் பேச வேண்டும் என்று உள்ளே ஏதோ இழுத்தால், அந்த இழுப்பை நம்பி அதைச் செய்துவிடுங்கள்.

வீட்டில் யாரேனும் இறக்கும் நிலையில் இருந்தால், பயந்துவிடுவார்களோ என்று எண்ணிப் பங்குத்தந்தையை அழைக்கத் தாமதிக்காதீர்கள். நினைவும் பேச்சும் இருக்கும்போதே ஒப்புரவும் நோயில்பூசுதலும் வழியுணவாகிய நற்கருணையும் கிடைக்க வேண்டும். அதன்பின் தொலைக்காட்சியை அணைத்து, கூட்டத்தைக் குறைத்து, யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தை மெதுவாக வாசியுங்கள். இரவெல்லாம் உழைத்தும் வெறும் வலையோடு இருந்தவர்களுக்கு விடியற்காலையில் கரையில் நின்ற ஆண்டவர் வழி சொல்கிறார். 153 பெரிய மீன்களோடு அவர்கள் கரையேறும்போது கரியடுப்பில் மீனும் அப்பமும் ஏற்கெனவே இருக்கின்றன. அப்படியிருந்தும், நீங்கள் பிடித்ததிலும் சில கொண்டுவாருங்கள் என்று கேட்கிறார். வாசித்து முடித்ததும், வீட்டில் அவருக்கு மிகவும் பிரியமானவர் கையைப் பிடித்துக்கொண்டு, காதருகே "இயேசு மரி சூசை" என்று சொல்லிக்கொண்டிருக்கட்டும்.