கை நரம்புக்கு தசை கிராஃப்ட் வெக்கப் போறீங்களா? முன்னாடியும் பின்னாடியும் செய்ய வேண்டியது

தசை கிராஃப்ட்னா, அறுந்த நரம்போட ரெண்டு முனைக்கும் நடுவுல உங்க தசைத் துண்டையே பாலமா வெச்சுத் தைக்கிறது. முதல்ல அறுந்தது எதுன்னு கேட்டுக்கோங்க. நம்ம பேச்சுல ரத்தக்குழாயும் நரம்புதான், விரலை மடக்குற தசைநாணும் நரம்புதான், உணர்ச்சி கொண்டுபோறதும் நரம்புதான், அதனால "நரம்பு கட்டாயிடுச்சு, தச்சுட்டாங்க"ன்னு எங்கிட்ட பிசியோதெரபிக்கு வர்றவங்கள்ல பாதிப்பேருக்கு எதைத் தச்சாங்கன்னே தெரியல. டிஸ்சார்ஜ் சம்மரியை டாக்டர் முன்னாடி நீட்டி, எந்த நரம்பு, எந்த இடத்துலன்னு எழுதி வாங்கிக்கோங்க.

காயம் நல்லா ஆறியிருந்தா வீட்லயே ஒண்ணு பாக்கலாம். கையை வெதுவெதுப்பான தண்ணில அரைமணி நேரம் வெச்சா நல்ல விரலெல்லாம் நுனி சுருங்கிடும், நரம்பு போன விரல் மட்டும் வழவழன்னு அப்படியே இருக்கும், வேர்க்கவும் வேர்க்காது. தண்ணி சூட்டை மட்டும் மத்த கையால தொட்டுப் பாத்துக்கோங்க, மரத்த கையை நம்பாதீங்க.

சுத்தமா வெட்டுப்பட்ட நரம்பா இருந்தா ரெண்டு முனையையும் நேரா சேர்த்துத் தச்சுடுவாங்க. மெஷின்ல நசுங்கினது, மாசக்கணக்கா கவனிக்காம விட்டது இதுலெல்லாம் கெட்டுப்போன முனையை வெட்டி எடுக்கணும், நடுவுல இடைவெளி வந்துடும், இழுத்துக் கட்டினா நரம்புக்குள்ள ரத்த ஓட்டம் குறைஞ்சு தையல் பலன் குடுக்காது. அதனால பாலம் வேணும். வழக்கமா காலோட பின்பக்கத்துல இருந்து சூரல் நரம்பை எடுத்து வெப்பாங்க, நல்ல முறைதான், ஆனா பாதத்தோட வெளிப்பக்கம் கொஞ்சம் மரத்துப்போகும். அதுக்கு ஒரு மாற்றுதான் உங்க தசையிலயே ஒரு சின்னத் துண்டு.

தசை எப்படி நரம்பாகும்னு கேக்காதவங்க இல்ல. அது நரம்பாகாது, நரம்பு வளர்ந்து போக வழி குடுக்கும், அவ்ளோதான். தசையை ஒரு வைக்கோல் கட்டு மாதிரி நெனச்சுக்கோங்க, ஒவ்வொரு நாரைச் சுத்தியும் மெல்லிசா ஒரு உறை இருக்கு. எடுத்த துண்டை லிக்விட் நைட்ரஜன்ல உறைய வெச்சு அப்புறம் டிஸ்டில்டு வாட்டர்ல உருக விட்டா உள்ள இருக்குற செல்லு செத்துப்போயிடும், உறை மட்டும் குழல் குழலா நிக்கும், நரம்புக்குள்ள இருக்குற குழலும் கிட்டத்தட்ட இதே அமைப்புதான். நார் போற திசையும் நரம்பு போற திசையும் ஒண்ணா இருக்கற மாதிரி வெச்சுத் தைக்கணும், குறுக்கால வெச்சா வழி கிடைக்காது. பிரிட்டன்ல 1980கள்ல இதை முயற்சி பண்ணி, மனுஷங்களுக்குச் செஞ்சதை 1988ல வெளியிட்டாங்க. இத்தாலிக்காரங்க உறைய வெக்காம, ஒரு ரத்தக்குழாய்க்குள்ள தசை நாரை அடைச்சு வெக்கிற முறையைக் கொண்டுவந்தாங்க, குழாய் அமுங்காம தசை பாத்துக்கும், வளர்ற நரம்பு வெளிய சிதறாம குழாய் பாத்துக்கும்.

இதுல நம்ம கும்பகோணத்துக்கும் பங்கு இருக்கு. அங்க தொழுநோயால கை கால் மரத்துப்போனவங்களுக்கு, வருஷக்கணக்கா செத்துக்கிடந்த நரம்புப் பகுதியை எடுத்துட்டு இந்தத் தசை கிராஃப்ட் வெச்சுப் பாத்தாங்க, 1991ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல வந்துச்சு, பல வருஷம் கழிச்சும் திரும்பி வந்த உணர்ச்சி நிலைச்சு நின்னுச்சுன்னு 2008ல எழுதினாங்க. சுட்டா சுடுதுன்னு தெரியறதே இல்லாம விரலை இழந்துக்கிட்டு இருந்தவங்க கைல உணர்ச்சி வர்றது எவ்ளோ பெரிய விஷயம்!

ஆபரேஷனுக்கு முன்னாடி சர்ஜன்கிட்ட கேளுங்க: இடைவெளி எத்தனை சென்டிமீட்டர், உணர்ச்சி நரம்பு மட்டுமா இல்ல தசையை இயக்குறதும் சேர்ந்ததா, எனக்கு சூரல் நரம்பு ஏன் வேண்டாம். விரல் நரம்பு மாதிரி உணர்ச்சி நரம்புல சின்ன இடைவெளின்னா தசை கிராஃப்ட் நல்லா கைகுடுக்கும். நீளமான இடைவெளின்னா சூரல் மாதிரி நரம்பையே எடுத்து வெக்கிற நரம்பு கிராஃப்ட்தான் பெட்டர்னு நான் சொல்லுவேன். இயக்குற நரம்புன்னா நாளைத் தள்ளாதீங்க, ஒரு வருஷம் ஒன்றரை வருஷம் சிக்னல் வராத தசை அப்புறம் நரம்பு வந்து சேர்ந்தாலும் பழையபடி எழுந்திரிக்காது.

ஆபரேஷன் முடிஞ்ச அப்புறம்தான் நம்ம வேலை. சர்ஜன் சொல்ற வரைக்கும், பொதுவா ஒரு மூணு வாரம், ஸ்ப்ளின்ட்டை, அதாவது கை அசையாம இருக்கக் கட்டிவிடற பட்டையை, கழட்டாதீங்க. நரம்பு ஒரு நாளைக்கு சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும், மணிக்கட்டுல வெச்ச கிராஃப்ட்ல இருந்து விரல் நுனி 18 சென்டிமீட்டர்னா ஆறு மாசம், தொடங்கறதுக்கே சில வாரம் ஆகும், அதனால ரெண்டாம் மாசமே "ஒண்ணும் வரல"ன்னு மனசு உடையாதீங்க. விரல் நுனில இருந்து மேல நோக்கி மெதுவா தட்டிக்கிட்டே வாங்க, கரண்ட் அடிச்ச மாதிரி சுர்ருனு வர்ற இடம்தான் நரம்பு வந்து நிக்கிற இடம், அதை மாசாமாசம் அளந்து தேதியோட எழுதி வைங்க. அந்த இடம் கீழ இறங்கிக்கிட்டே போகணும். மூணு நாலு மாசம் ஒரே இடத்துல நின்னா சர்ஜனைப் பாருங்க, தானா வரும்னு உக்காந்திருக்காதீங்க.

உணர்ச்சி வர்ற வரைக்கும் தோசைக்கல், குக்கர், டீ டம்ளர் எல்லாம் மத்த கைக்குத்தான். ராத்திரி படுக்கப் போகும்போது விரலை ஒவ்வொண்ணா கண்ணால பாருங்க, கொப்புளம், வெட்டு, சிவப்பு ஏதாவது இருக்கான்னு, ஏன்னா வலி வந்து சொல்லாது. தேங்காய் எண்ணெய் தடவுங்க, வேர்வை இல்லாத தோல் வெடிக்கும். குளிர் பட்டா கை வலிக்கும், அது ரொம்ப பேருக்கு இருக்கு. சிகரெட்டை விட்டே ஆகணும், ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும்.

தொட்டா லேசா தெரிய ஆரம்பிச்சதும் மூளைக்குப் பாடம் நடத்தணும், புது நரம்பு பழைய லைன்ல போய்ச் சேராம மாறிச் சேர்ந்திருக்கும், நடுவிரலைத் தொட்டா ஆள்காட்டி விரல்ல தெரியும். ஒரு கிண்ணத்துல அரிசி, ஒண்ணுல துவரம்பருப்பு, ஒண்ணுல கொண்டைக்கடலை, பக்கத்துல ஒரு துண்டு சாக்கு, ஒரு துண்டு பட்டு. கண்ணைத் திறந்து தொட்டுப் பாருங்க, அப்புறம் கண்ணை மூடி அதையே தொடுங்க, திரும்பத் திறந்து சரியான்னு பாருங்க. பத்து நிமிஷம், ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை, மாசக்கணக்கா. அரிசியும் பருப்பும் ஒண்ணா தெரியுதுன்னு ஆரம்பத்துல எல்லாரும் சொல்லுவாங்க, அதுக்காக நிறுத்தாதீங்க, கிண்ணத்தை மாத்தி மாத்தி வெச்சு வீட்ல ஒருத்தரை கேள்வி கேக்கச் சொல்லுங்க.