முதல் நாள் செய்த தவறு மூன்றாம் நாள்தான் வலிக்கும்

ஒரே நாளில் 40 கிலோமீட்டர் நடப்பது பெரிய சூரத்தனம் இல்லை. ஓரளவு நடக்கிற பழக்கம் இருந்தால், பல்லைக் கடித்துக்கொண்டாவது முடித்துவிடலாம். மறுநாள் விடியற்காலையில் எழுந்து, வீங்கிய காலை அதே ஷூவுக்குள் நுழைத்து, இன்னொரு 40 கிலோமீட்டருக்குக் கிளம்புவதுதான் சிரமம். என்னுடைய முதல் மூன்று நாள் நடையில், இரண்டாம் நாள் காலை, தங்கியிருந்த இடத்தின் மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்கினேன். எனக்குக் கீழே இன்னொருவரும் அப்படியே இறங்கிக்கொண்டிருந்தார். முந்தைய நாள் சாயங்காலம் எத்தனை பேரை முந்தினோம் என்று பெருமை பேசிக்கொண்டிருந்த ஆட்கள் நாங்கள் இருவரும்தான்.

பல நாள் நெடுநடையில் நடக்கிற தவறுகளில் முக்கால்வாசி இந்த ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன. அன்றைய தூரத்தை மட்டும் கணக்கில் வைத்து நடக்கிறோம். கடன் மறுநாளைக்குப் போய்ச் சேர்கிறது, வட்டியோடு.

நெதர்லாந்தின் நைமேகன் நகரில் நடக்கும் நான்கு நாள் நடை இந்த வகையில் மிகப் பெரியது. 1909-ல் தொடங்கியது. ஆண்டுதோறும் ஜூலையில் 40,000-க்கும் மேற்பட்டவர்கள் நடக்கிறார்கள். பிரிவைப் பொறுத்து நாளொன்றுக்கு 30, 40 அல்லது 50 கிலோமீட்டர். ராணுவப் பிரிவினர் குறைந்தது 10 கிலோ சுமையோடு 40 கிலோமீட்டர் போகிறார்கள். அதன் பாதையில் ஒரு குறும்பு இருக்கிறது. ஏழு குன்றுச் சாலை என்ற பெயர் கொண்ட மேடுபள்ளமான பகுதி வருவது மூன்றாம் நாள். முதல் இரண்டு நாள் சமதரையில் காலைத் தீர்த்துக்கொண்டவர்கள் யார் என்பது அங்கே தெரிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை வீரர்கள்

பயிற்சியில் எல்லோரும் செய்வது, வாரம் ஒருமுறை நீண்ட நடை, பிறகு ஆறு நாள் ஓய்வு. இது ஒரு நாள் நடைக்குப் போதும். பல நாள் நடைக்கு, களைத்த காலோடு நடக்கக் கால் பழகியிருக்க வேண்டும். சனிக்கிழமை 25, ஞாயிற்றுக்கிழமை 25 என்று அடுத்தடுத்த நாட்களில் நடப்பது, ஒரே நாளில் 40 நடப்பதைவிடப் பயன் தரும். கடைசி இரண்டு வாரம் தூரத்தைக் குறைத்துவிடுங்கள். விட்டதைப் பிடிக்கிறேன் என்று கடைசி வாரத்தில் 35 கிலோமீட்டர் நடந்து பார்ப்பவர், தொடக்கக் கோட்டுக்கே களைத்த காலோடு வந்து நிற்பார்.

இன்னொன்று: மூச்சு சீக்கிரம் பழகும், தசை கொஞ்சம் தாமதமாகப் பழகும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணும், எலும்பும் கடைசியில்தான் வழிக்கு வரும். மூச்சு வாங்கவில்லை என்பதற்காகத் தூரத்தைத் தாறுமாறாக ஏற்றினால் பாதத்தின் நடு எலும்புகளில் விரிசல் விழலாம். இதற்கு மருத்துவத்தில் அணிநடை முறிவு என்ற பொருளிலேயே ஒரு பெயர் உண்டு. 1855-ல் பிரைட்ஹவுப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர், நடந்து நடந்து பாதம் வீங்கிப்போன சிப்பாய்களைப் பற்றி எழுதினார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட இன்னும் 40 ஆண்டுகள் இருந்தன. உள்ளே எலும்புதான் விரிந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிய வழியில்லை. புறங்காலில் ஒரே இடத்தில் விரலால் அழுத்தினால் சுரீரென்று வலித்தால், அதைத் தசைவலி என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

பயிற்சியைத் தார்ச்சாலையில் செய்யுங்கள். பெரும்பாலான நெடுநடைகள் அதில்தான் போகின்றன. டிரெட்மில்லின் மெத்தென்ற பட்டை உங்களுக்கு அதைக் கற்றுத்தராது.

ஷூ, சாக்ஸ், நகம்

புது ஷூவோடு போகாதீர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். புது சாக்ஸ், புது இன்சோல் விஷயத்தில் மட்டும் அதை மறந்துவிடுகிறார்கள். பருத்தி சாக்ஸ் வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கம்பளியோ செயற்கை இழையோ பரவாயில்லை. ஷூவைச் சாயங்காலம், கால் வீங்கியிருக்கும் நேரத்தில், நடைக்குப் போடப்போகும் அதே சாக்ஸோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இறக்கத்தில் விரல்கள் முன்சுவரில் மோதி மோதி நகம் கறுத்துவிடும். நகத்தை முந்தின இரவு ஒட்ட வெட்டாமல் சில நாள் முன்பே வெட்டுங்கள். கனத்த மலையேற்ற பூட்ஸ் தார்ச்சாலைக்குத் தேவையில்லை என்பது என் கட்சி. சுமையோடு போகிறவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

கொப்புளம்

இதற்குக் கொஞ்சம் அதிக நேரம் செலவழிக்கலாம், நடையைப் பாதியில் விடவைப்பதில் இதற்கு நிகர் இல்லை. ஷூ தோலை உரசுவதால்தான் கொப்புளம் வருகிறது என்று நினைக்கிறோம். உண்மையில், மேல்தோல் சாக்ஸோடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு முன்னும் பின்னும் அசைகிறது. நடுவில் மாட்டிக்கொண்ட தோலடுக்குகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து, அந்த இடைவெளியில் நீர் கோக்கிறது. முக்கால் மீட்டர் ஒரு அடி என்று வைத்தால் 40 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 53,000 அடிகள். வியர்வையில் ஊறிய தோல் இத்தனை இழுப்பைத் தாங்காது.

கொப்புளம் வருவதற்கு முன் அந்த இடம் சூடாகும். இலேசாகக் காந்தும், அவ்வளவுதான். என் இடது குதிகாலில் அது வந்தபோது, ஓய்விடம் மூன்று கிலோமீட்டரில் வருகிறது, அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். கூட வந்தவர்களை நிற்கச் சொல்லக் கூச்சம் வேறு. ஓய்விடத்தில் சாக்ஸை உருவியபோது குதிகாலின் விளிம்பில், ஒரு எலுமிச்சைத் துண்டளவுக்கு, தோல் வெள்ளையாக உப்பி நின்றது. அந்த இடத்திலேயே சாலையோரம் உட்கார்ந்து, சாக்ஸைக் கழற்றி, மடிப்பையும் மணலையும் உதறி, உலர்த்தி, டேப் ஒட்டியிருந்தால் ஐந்து நிமிட வேலை.

டேப் ஒட்டுவதிலும் சூட்சுமம் இருக்கிறது. காய்ந்த, எண்ணெய்ப் பசையில்லாத தோலில்தான் அது நிற்கும். ஆகவே காலையில் கிளம்பும் முன்பே ஒட்ட வேண்டும். மூலைகளைக் கத்தரியால் வட்டமாக்கிவிடுங்கள், கூர்மூலைதான் முதலில் சுருளும். ஒரு சுருக்கம்கூட இருக்கக் கூடாது, அந்தச் சுருக்கமே அடுத்த கொப்புளத்தைக் கொண்டுவரும். இரவில் அதைப் பிய்த்து எடுக்காதீர்கள். ஊறிய தோலும் கூடவே வந்துவிடும். ஒழுங்காக ஒட்டியிருந்தால் அப்படியே விடலாம்.

வந்துவிட்ட கொப்புளம் சின்னதாக, வலியில்லாமல் இருந்தால் தொடாதீர்கள். பெரிதாக, மிதிக்கவிடாமல் இருந்தால், கையைக் கழுவி, கிருமிநீக்கிய ஊசியால் அடியோரத்தில் ஓரிரு துளையிட்டு, மெல்ல அழுத்தி நீரை வெளியேற்றுங்கள். மேல்தோலைக் கத்தரித்து எடுப்பதுதான் பெரிய தவறு. அதைவிட நல்ல கட்டு கிடையாது. ஊசியில் நூலைக் கோத்து உள்ளேயே விட்டுவிடும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. அழுக்கு உள்ளே போக வழி செய்து கொடுப்பதுபோல ஆகிவிடும். சர்க்கரை நோயாளிகள் இதில் எதையும் தாங்களே செய்யாமல் முதலுதவிக் கூடாரத்துக்குப் போக வேண்டும்.

தொடையிடுக்கு, அக்குள், பையின் வார் படும் தோள் இவற்றுக்குக் காலையிலேயே வாஸ்லின். இதைச் சொல்ல வெட்கப்பட்டு யாரும் சொல்லித்தருவதில்லை, முதல் நாள் குளிக்கும்போது தெரிந்துகொள்கிறார்கள்.

கூட்டம் இழுக்கும் வேகம்

முதல் நாள் காலை இசைக்குழு வாசிக்கும், ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள், கால் தானாக வேகமெடுக்கும். பயிற்சியில் மணிக்கு 5 கிலோமீட்டர் போனவர் ஆறரையில் போய்க்கொண்டிருப்பார். முதல் மணி நேரம் வேண்டுமென்றே மெதுவாக, பின்னால் வருகிறவர்கள் தாண்டிப் போக விட்டு நடக்க வேண்டும். எல்லாவற்றிலும் கடினமான பயிற்சி எனக்கு இதுதான்.

ஓய்விலும் இரண்டு பக்கம் தவறு நடக்கிறது. நிற்காமலே போகிறவர் ஒரு பக்கம். முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, பிறகு கால் விறைத்துப்போய் எழ முடியாதவர் இன்னொரு பக்கம். பத்து நிமிட ஓய்வுகள் பலவும், மதியம் ஒரு நீண்ட ஓய்வும் போதும். அந்த நீண்ட ஓய்வில் சாக்ஸை மாற்றிவிடுங்கள். மழை நாளில் இது இன்னும் முக்கியம்.

தண்ணீரும் வெயிலும்

தண்ணீர் குடிக்காதவர்கள் மட்டும் மயங்கி விழுவதில்லை. பயத்தில் மணிக்கணக்காக வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே வருகிறவரின் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், தடுமாற்றம் என்று நீரிழப்பு மாதிரியே தெரியும். பார்ப்பவர்கள் இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள், நிலைமை மோசமாகும். தாகத்துக்குக் குடியுங்கள், கூடவே உப்புள்ள எதையாவது சாப்பிடுங்கள். கை தொங்கி நடப்பதால் விரல்கள் வீங்குவது சாதாரணம். கையை அவ்வப்போது உயர்த்தினால் வடிந்துவிடும். அதோடு வாந்தியும் குழப்பமும் சேர்ந்தால் சாதாரணம் இல்லை.

வெயிலை வீம்புக்கு எதிர்கொள்ள முடியாது. 2006-ல் நைமேகனில் முதல் நாளே வெப்பத்தில் இருவர் இறந்தார்கள்; மிச்ச நாட்கள் ரத்து செய்யப்பட்டன. 2022-ல் கடும் வெப்ப எச்சரிக்கையால் முதல் நாளை அமைப்பாளர்கள் முன்கூட்டியே ரத்து செய்து, மூன்று நாளாக நடத்தினார்கள். பக்கத்தில் நடப்பவர் பேச்சு குழறினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ, வியர்க்கிறதா இல்லையா என்று ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம். நிழலில் படுக்கவைத்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறியபடி உதவியைக் கூப்பிடுங்கள்.

மாத்திரை போட்டு நடப்பது

காலையில் ஐபுப்ரூஃபன் என்ற வலிமாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறவர்களை ஒவ்வொரு நடையிலும் பார்க்கிறேன். உடம்பில் நீர் குறைந்த நிலையில் அந்த வகை மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். வலியை மறைத்துவிடுவது இன்னொரு ஆபத்து. கணுக்காலுக்கு மேலே, முன்பக்கம், காலை அசைத்தால் நெறுநெறுவென்று உணரும் வலி நெடுநடையில் அடிக்கடி வரும். தசைநாண் வீக்கம் அது. பல நேரம் லேஸை இறுக்கிக் கட்டியதே காரணமாக இருக்கும், தளர்த்திப் பாருங்கள். நடை மாறி நொண்ட ஆரம்பித்துவிட்டால் விஷயம் வேறு. ஒரு காலைக் காப்பாற்ற நொண்டினால் மறு முழங்கால் போகும். மருத்துவக் கூடாரத்தில் போதும் என்றால் போதும்தான்.

சாயங்காலம் வந்ததும் ஷூவின் இன்சோலை வெளியே எடுத்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து வையுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள். நைமேகனில் அதே வாரம் நகரமே இரவு முழுக்கத் திருவிழாக் கொண்டாடும். அதில் நடனமாடிவிட்டு விடியலில் 50 கிலோமீட்டருக்கு வந்து நிற்பவர்களும் உண்டு. அவர்களைப் பின்பற்றாதீர்கள்.

கடைசி நாள், கடைசி கிலோமீட்டர்களில் இரு பக்கமும் மக்கள் கிளாடியோலஸ் பூக்களை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். கோட்டைத் தாண்டியதும் அப்படியே நின்றுவிடத் தோன்றும். திடீரென்று நின்றால் ரத்தம் காலில் தேங்கித் தலை சுற்றும். பூவைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் ஐந்து நிமிடம், சும்மா, மெதுவாக நடந்துவிட்டு உட்காருங்கள்.