மாவு வியாபாரம்: மெஷின் வாங்குவதற்கு முன்னால்

சித்தி மகன் போன மாதம் போன் செய்தான். டிப்ளமோ முடித்து ஒன்றரை வருடம் ஒரு கம்பெனியில் இருந்து பார்த்தவன். "போதும்க்கா, சொந்தமா ஏதாச்சும் செய்யணும்" என்றான். என்ன என்று கேட்டால், இட்லி மாவு. பெயர் வைத்தாயிற்று, லோகோ வரைந்தாயிற்று, டில்டிங் கிரைண்டர் (சாய்த்து மாவை எடுக்கும் பெரிய கிரைண்டர்) ஒன்றை விலையும் பேசிவிட்டான். கடன் எங்கே வாங்கலாம் என்று கேட்கத்தான் போன்.

நான் திருச்சியில் ஆறு வருடமாக மாவு அரைத்து விற்கிறேன். "ஒரு கிலோ மாவுக்கு உனக்கு என்னடா அடக்கம்?" என்று கேட்டேன். சத்தமே இல்லை. அன்று அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படி 1: பத்து வீட்டுக்குக் காசு வாங்கிக்கொண்டு கொடுங்கள்

வீட்டில் இருக்கும் 2 லிட்டர் கிரைண்டரே போதும். தெருவில் பத்து வீடு பிடியுங்கள். சொந்தக்காரர்களை விட்டுவிடுங்கள். அவர்கள் மாவு புளித்துக் கிடந்தாலும் "நல்லாருக்குப்பா" என்றுதான் சொல்வார்கள். சும்மாவும் கொடுக்க வேண்டாம். இலவசமாக வாங்கியவர் குறை சொல்ல மாட்டார். ஐம்பது ரூபாய் கொடுத்தவர் மறுநாள் காலையிலேயே சொல்லிவிடுவார்.

இரண்டு வாரம் கொடுத்துப் பாருங்கள். யார் தாமாகவே மறுபடி கேட்டார்கள் என்பதை மட்டும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பாராட்டை எல்லாம் குறிக்க வேண்டியதில்லை.

அரைக்கும்போது ஒரு விஷயம். உளுந்தைத் தனியாக, ஜில்லென்ற தண்ணீர் தெளித்து அரையுங்கள். கிரைண்டர் சூடேறினால் மாவு பொங்காது. ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் ஓட விடுங்கள். பழைய உளுந்தில் மாவு சரியாகக் காணாது. அதனால் மூட்டையாக வாங்குவதற்கு முன் ஒரு கிலோ வாங்கி அரைத்துப் பார்த்துவிடுங்கள்.

படி 2: கணக்கு

பெரும்பாலானவர்கள் தாண்டி ஓடும் இடம் இதுதான். பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். என் கணக்கைச் சொல்கிறேன், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இட்லி அரிசி 4 கிலோ, கிலோ 48 வீதம் 192 ரூபாய். உளுந்து 1 கிலோ 130. வெந்தயம், உப்பு 8. மொத்தம் 330 ரூபாய். இதில் ஏறக்குறைய 12 கிலோ மாவு கிடைக்கும். ஆக, கிலோவுக்கு 27 ரூபாய் 50 காசு. கவர் 2 ரூபாய், கரண்டுக்கு 1 ரூபாய் சேர்த்தால் 30.50. பன்னிரண்டு பாக்கெட்டுக்கு 366. வண்டி பெட்ரோல் ஒரு நாளைக்கு 30 என்று வைத்தால், அன்றைய செலவு 396.

இப்போது கடைக்குப் போடுகிறோம். பாக்கெட் விலை 50, கடைக்காரருக்கு 8 போக நம் கைக்கு 42. பன்னிரண்டில் ஒன்று ரிட்டர்ன் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 11 × 42 = 462. செலவு போக மிச்சம் 66 ரூபாய். சின்ன கிரைண்டரில் 12 கிலோ அரைக்க ஐந்தாறு ஈடு போட வேண்டும், மூன்று மணி நேரம் ஓடிவிடும். அதாவது மணிக்கு 22 ரூபாய் கூலிக்கு நாம் வேலை பார்க்கிறோம்.

அதே 12 பாக்கெட்டை நேராக வீடுகளுக்கு 50 ரூபாய்க்குக் கொடுத்தால் 600 வரும். மிச்சம் 204, மணிக்கு 68. சொல்லி வைத்த வீடுகள் என்பதால் ரிட்டர்னும் கிடையாது.

அடுத்து, பெரிய கிரைண்டர் இருந்து 36 கிலோ அரைத்துக் கடைக்குப் போட்டால்? பெட்ரோல் அதே 30தான். செலவு 1128. மூன்று ரிட்டர்ன் போக 33 × 42 = 1386. மிச்சம் 258. ஐந்து மணி நேர வேலை என்றால் மணிக்கு 51 ரூபாய் சொச்சம். மெஷினின் தவணையை இதிலிருந்துதான் கட்ட வேண்டும்.

ஆக, முதலில் வீடுகள். அப்புறம்தான் கடை. தம்பி இதைத் தலைகீழாகச் செய்யப் பார்த்தான். ஆறு வருடத்துக்கு முன் நானும் அப்படித்தான் செய்தேன். உங்கள் கூலியைச் செலவில் எழுதாமல் "லாபம்" என்று சொல்லிக்கொள்ளாதீர்கள்; அம்மா உதவிக்கு வந்தால் அம்மாவின் கூலியையும் எழுதுங்கள்.

படி 3: காகித வேலை

பயப்பட ஒன்றுமில்லை. உணவுப் பொருள் விற்க எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு கட்டாயம், வீட்டில் செய்தாலும்தான். சிறிய அளவில் செய்பவர்களுக்கு அடிப்படைப் பதிவு போதும். போட்டோ, அடையாள அட்டையோடு அவர்களுடைய ஃபாஸ்கோஸ் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். நான் எடுத்தபோது ஆண்டுக்கு 100 ரூபாய். 14 இலக்க எண் தருவார்கள், அதைக் கவரில் அச்சிட வேண்டும்.

சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு 2020 ஜூலை முதல் இருக்கிறது. ஆதாரும் பான் எண்ணும் வேண்டும், கட்டணம் கிடையாது. பெயரைத் தேடினால் அரசுத் தளம் போலவே இருக்கும் வேறு தளங்களும் வரும். பணம் கேட்டால் அது அரசுத் தளம் அல்ல என்று புரிந்துகொண்டு வெளியே வந்துவிடுங்கள். ஜிஎஸ்டி பற்றி இப்போதே கவலை வேண்டாம். தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டும்போதுதான் அந்தப் பேச்சு.

கவரில் பொருளின் பெயர், உங்கள் பெயர் முகவரி, நிகர எடை, வரிகள் உட்பட அதிகபட்ச விலை, தயாரித்த தேதி, எத்தனை நாளுக்குள் பயன்படுத்த வேண்டும், புகார் எண், சைவத்துக்கான பச்சைப் புள்ளி எல்லாம் இருக்க வேண்டும். எடையில் விளையாடவே கூடாது. ஒரு கிலோ என்று போட்டால் கவரின் எடை போக ஒரு கிலோ.

படி 4: கடைக்குப் போகும்போது

ஒரே ஒரு கடையில் தொடங்குங்கள். போய் முதலில் பார்க்க வேண்டியது ஃபிரிட்ஜை. இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒரு சித்திரை மாதம், புதிதாகப் பிடித்த கடையில் 20 பாக்கெட் வைத்துவிட்டு வந்தேன். கரண்ட் பில்லுக்குப் பயந்து அவர் ராத்திரி ஃபிரிட்ஜை அணைத்துவிட்டுப் போவார் என்று எனக்குத் தெரியாது. காலையில் போய்ப் பார்த்தால் பாக்கெட் எல்லாம் தலையணை மாதிரி உப்பியிருக்கிறது. ஒன்று வெடித்து, பால் பாக்கெட் மேலெல்லாம் மாவு. பால் காசையும் சேர்த்து நான்தான் கொடுத்தேன்.

அன்றிலிருந்து கவரை முழுக்க நிரப்புவதில்லை. பொங்குவதற்கு இடம் விட்டு ஒட்டுகிறேன். வெயில் காலத்தில் புளிக்க விடாமல், அரைத்த உடனே குளிரில் வைத்துக் கொண்டுபோகிறேன். ரிட்டர்ன் எத்தனை நாளுக்குள், யார் கணக்கில் என்பதை முதல் நாளே பேசிவிடுவது நல்லது. கடன் சொல்லும் கடைக்கு ஒரு நடைக்கு மேல் பாக்கி வைக்காதீர்கள்: பழைய காசைக் கொடுத்தால்தான் புது மாவு.

படி 5: பணத்தைப் பிரித்து வையுங்கள்

வியாபாரத்துக்குத் தனி வங்கிக் கணக்கு, தனி க்யூஆர் கோடு. பெட்டிக்காசில் இருந்து டீ குடித்தாலும் எழுதுங்கள். அவ்வளவுதான் இதில்.

படி 6: இப்போது மெஷின்

தினம் கேட்கும் மாவு, வீட்டு கிரைண்டரால் முடியாத அளவுக்கு ஒரு மாதம் தொடர்ந்து வந்தால் மெஷின் பாருங்கள். பழைய கிரைண்டர் நல்லதாகவே கிடைக்கும். கல்லைக் கொத்த வேண்டியிருக்கிறதா என்று அரிசி போட்டு ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்.

கடன் வேண்டுமென்றால் முதலில் உங்கள் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். மாநில அரசின் வேலையற்ற இளைஞர்களுக்கான திட்டத்தில் 25 சதவீதம் மானியம் உண்டு. மத்திய அரசின் பிஎம்இஜிபி (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம்) என்ற திட்டத்தில் இடத்தையும் விண்ணப்பிப்பவரின் பிரிவையும் பொறுத்து 15 முதல் 35 சதவீதம் வரை. ஆனால் பிஎம்இஜிபி மானியம் கையில் ரொக்கமாக வராது. மூன்று ஆண்டு வங்கியில் வைப்பாக இருந்து, பிறகுதான் கடனில் கழியும். "மானியம் வந்ததும் அடைத்துவிடலாம்" என்று வெளியே வட்டிக்கு வாங்கிவிடாதீர்கள். வங்கியில் கேட்கும்போது இரண்டாம் படியில் போட்ட கணக்கையும் நோட்டையும் மேசையில் வையுங்கள்.

தம்பி இப்போது 17 வீட்டுக்குக் கொடுக்கிறான். இரண்டு வீடு நின்றுவிட்டது. ஒருவர் உப்பு அதிகம் என்றார், இன்னொருவர் காரணம் சொல்லவில்லை. கவரில் சாதாரண ஸ்டிக்கர்தான் ஒட்டுகிறான். லோகோ இன்னும் போனிலேயே இருக்கிறது.